பொய் சொன்ன இடுப்பு

நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அன்று தொடங்கி எந்தக் காரியத்திலும் தலையைக் கடைசியாகப் பயன்படுத்துவதே என் வழக்கமாகிவிட்டது என்று அப்பா சொல்வார். ஆனால் அந்தக் கோளாறுதான் எட்டு வயதில் என்னை ஒரு வைத்தியனாக ஆக்கியது. கால் முன்னே பிறந்தவன் முதுகில் ஏறி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாங்கள் குடியிருந்ததோ திருப்பூர் வீரபாண்டியில் ஒரு காம்பவுண்டில். எதிரும் புதிருமாக வீடுகள், எல்லா வீட்டிலும் பனியன் கம்பெனி ஆட்கள். பகலெல்லாம் மெஷினில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள், பகலெல்லாம் நின்றபடி தைத்த பீஸைச் சரிபார்ப்பவர்கள், பண்டல் சுமப்பவர்கள். முதுகு வைத்தியன் ஒருவன் கடை போட இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நான் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, இடுப்பிலிருந்து தோள்வரை நடந்து, திரும்பி வருவேன். கடைசி வீட்டில் இருந்த பீகார் அண்ணன்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருந்தது. அவர்கள் ஊரிலும் இதே நம்பிக்கை உண்டாம். அவர்களும் வந்து படுத்து "ஆராம், ஆராம்" என்று சுகமாக முனகுவார்கள். வடக்கும் தெற்கும் என் காலடியில்தான் ஒன்று சேர்கின்றன என்று நான் நினைத்துக்கொள்வேன். கூலியாகத் தேன்மிட்டாயும் பன்னும் கிடைக்கும். அதனால் வாரத்துக்கு வாரம் வைத்தியனின் எடை கூடிக்கொண்டே போனது. வைத்தியம் இன்னும் அழுத்தமாக விழுகிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

எழுந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "போயிருச்சு கண்ணு, காத்தாட்ட போயிருச்சு." சிலர் அதற்கப்புறம் என் பக்கமே வரமாட்டார்கள். பூரணமாகக் குணமானவர்கள் எதற்கு மறுபடி வரப்போகிறார்கள்?

இப்படி ஒரு தோல்வியும் காணாத காலத்தில்தான் மாமாவின் இடுப்பு என் வாழ்க்கையில் குறுக்கிட்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பனியனின் கழுத்தையும் கீழ் மடிப்பையும் அடிக்கிற ஃபிளாட்லாக் மெஷினில் டெய்லர். ஷிப்மெண்ட் நெருக்கடியில் தொடர்ந்து உட்கார்ந்து தைத்தவர், ஒருநாள் ஸ்டூலிலிருந்து எழுந்தபோது பாதியிலேயே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. துருப்பிடித்து மூட மறுக்கும் கத்தரிக்கோல் மாதிரி இருந்த அவரைப் பீஸ் ஏற்றுகிற டெம்போவில் பண்டல்களுக்கு மேலே படுக்கவைத்து, காம்பவுண்டு தூங்கிய பிறகு கொண்டுவந்து இறக்கினார்கள்.

வலி அவருக்குப் புதிதில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வயிறு புண்ணாகி, இனி மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

அது வெளியே தெரியக்கூடாத நேரம். கணியூரிலிருந்து மாமாவுக்கு ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. தோட்டங்காடு உள்ள குடும்பம். பொண்ணு கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்கு வேலைக்கு வந்துபோகிறது, 'சும்மா, பொழுது போகோணுமே'ன்னு. அடுத்த மாத முதல் ஞாயிறு பொண்ணு பார்க்கப் போவதாக ஏற்பாடு. இரண்டு வருடமாகத் தேடித் தேடிக் கால் தேய்ந்திருந்த அம்மா, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"இது நம்ம ஊட்டத் தாண்டப்படாது. தையக்காரனுக்கு இடுப்பு போச்சுன்னா அப்பறம் அவங்கிட்ட என்னத்த இருக்குது? எவன் பொண்ணு குடுப்பான்?"

உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் அப்படிப் பெயரெடுத்த வாய்.

உள்ளூரிலேயே, அதுவும் வீட்டுக்குள்ளேயே வைத்தியன் இருக்கும்போது எதற்குக் கவலை என்று மாமாவைக் குப்புறப் படுக்கவைத்து ஏறினேன். மாமா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழி கூடையைத் தள்ளிக்கொண்டு ஓடியது. மறுநாளும் ஏறினேன். அதற்கு மறுநாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, உடுறா" என்றார். அம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நொச்சித்தழையை வதக்கிப் போட்டாள். அப்பா உலக்கையை எண்ணெய் தடவிய முதுகில் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டினார். உப்புச் சூடு கொஞ்ச நேரம் சுகமாக இருக்கிறது என்றார் மாமா. சூடு ஆறியதும் பழையபடி "அம்மா" என்றார்.

நான் யோசித்தேன். தலையைக் கடைசியாகப் பயன்படுத்துகிறவன் என்றாலும் பயன்படுத்தாமலே இருந்துவிடுவதில்லை. என் கால் இதுவரை தோற்றதில்லை. இப்போது குணமாகவில்லை. அப்படியானால் தப்பு காலில் இருக்க முடியாது. இடுப்புதான் பொய் சொல்கிறது. மாமாவுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை. அதனால் இடுப்பை ஏவிவிட்டு நாடகம் ஆடுகிறார்.

அந்த நிமிடத்திலிருந்து நான் வைத்தியன் வேலையை ஒதுக்கிவிட்டுத் துப்பறியும் வேலையை எடுத்துக்கொண்டேன்.

யாரோ சொல்லி, ராயபுரத்தில் ஒரு மாடியில் பிசியோதெரபி பார்க்கும் அக்காவிடம் மாமாவைக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. தினமும் சாயங்காலம் எங்கே போகிறீர்கள் என்று காம்பவுண்டு கேட்குமே? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அதைப்போல ஓர் அநியாயத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

"பையனுக்குக் கால் வலிங்க. அதான் காட்டப் போறோமுங்க."

யாருடைய கால்! எந்தக் கால்! வாசலிலிருந்து கேட்வரை நான் நொண்டிக்கொண்டு போகவேண்டும், மாமா என்னைத் தாங்கிப் பிடிப்பதுபோல என்மேல் சாய்ந்துகொண்டு வருவார். உண்மையில் நான்தான் அவருக்கு ஊன்றுகோல். போகும்போது எந்தக் காலில் நொண்டினேன் என்பது வரும்போது மறந்துவிடும். "ஏங்கண்ணு, போறப்ப அந்தக் கால்ல இல்ல நொண்டுன?" என்று ஏதாவது ஒரு பாட்டி கவனித்துக் கேட்டுவிடுவாள். "வலி மாறி மாறி வருதுங்க" என்பாள் அம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பாயும் விரியவில்லை. தன் காலுக்கே வைத்தியம் பார்க்கப் போகிற வைத்தியனிடம் யார் முதுகைக் கொடுப்பார்கள்? பீகார் அண்ணன்கள்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ராயபுரத்து அக்கா தெற்கத்திக்காரி. பேச்சிலேயே தெரிந்தது. மாமாவைத் திருப்பிப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க?"

மாமா என்னைச் சுட்டிக்காட்டினார். அவள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை எடைமெஷின் மாதிரி பார்த்தாள்.

"இவனா ஏறுனான்? நல்லவேளை, இதோட போச்சு. இனி யாரையும் முதுகுல ஏத்தாதீங்க."

அவள்மேல் எனக்கு ஏற்பட்ட சந்தேகத்துக்கு இது ஒரு காரணமே தவிர, முழுக் காரணமில்லை. ஊசி கிடையாது. மாத்திரை கிடையாது. தைலம்கூடக் கிடையாது. சூடான ஒரு பொட்டலத்தை இடுப்பில் வைத்துவிட்டு, பிறகு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கச் சொன்னாள். இடுப்பைப் பாலம் மாதிரி தூக்கச் சொன்னாள். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழச் சொன்னாள். "இடுப்ப மடக்காதீங்க, முட்டிய மடக்குங்க" என்பது அவளுடைய மந்திரம். அதைவிட விபரீதம், நடக்கச் சொன்னாள்.

"படுத்தே கெடந்தா இன்னும் பிடிச்சுக்கிடும். கொஞ்சம் வலிச்சாலும் பரவாயில்ல, நடங்க. ரொம்ப நேரம் உக்காராதீங்க. பயப்படாதீங்க, அதுதான் முக்கியம்."

வலிக்கிறவனை நட என்று சொல்வது எந்த ஊர் வைத்தியம்? எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தண்டனை கொடுக்கும்போது இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். அம்மாவுக்கும் சந்தேகம்தான். சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொன்றையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது, "இதுக்குப் போயி படிச்சிருக்குதே புள்ள" என்பாள்.

நான் சாட்சியங்களைச் சேர்த்தேன். ஒருநாள் மாமா கையை வீசிக்கொண்டு கடைவீதிவரை போய், என்னைவிட வேகமாகத் திரும்பி வந்தார். மறுநாள் காலை பல் தேய்க்கக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிரிக்கெட்டில் நம் ஆள் சிக்ஸர் அடித்தபோது எழுந்து நின்று கைதட்டினார். அரைமணி கழித்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கச் சொன்னால் "முடியாதுக்கா" என்றார். நடக்கிறவனுக்கு என்ன வலி? வலிக்கிறவனுக்கு என்ன நடை? ஒரே இடுப்பு ஒருநாள் ஒன்றும் மறுநாள் இன்னொன்றும் பேசுமானால் அதற்குப் பெயர் என்ன? கதவைச் சாத்திக்கொண்டு அவர் பாலம் கட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகத்தில் வேர்வை. ஓடிப்போவதற்குத்தான் இப்படிப் பயிற்சி எடுக்கிறார் என்று எனக்கு உறுதியாயிற்று.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

பொண்ணு பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கணியூருக்குப் பஸ்ஸில் போனோம். சீட் காலியாக இருந்தது. மாமா பாதி வழி நின்றுகொண்டே வந்தார். "காத்து வரட்டும்னு நிக்கறேன்" என்றார். ஜன்னல் சீட்டில் வராத காற்றா நடுவில் நின்றால் வரும்? இறங்கி ஓடிவிடுவாரோ என்று படிக்கட்டுப் பக்கமே கண்ணை வைத்திருந்தேன். அம்மாவோ மருதமலை முருகனிலிருந்து சிவன்மலை முருகன்வரை எல்லா முருகனுக்கும் வேண்டுதலைப் பங்கு பிரித்துக்கொண்டு வந்தாள்.

பொண்ணு வீட்டில் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். பொண்ணோட அம்மா வந்து "வாங்க, வாங்க" என்று கும்பிட்டார்கள். சிரித்த முகம்தான், ஆனால் கண் மட்டும் அடிக்கடி உள் அறையையே பார்த்துக்கொண்டிருந்தது. பொண்ணு காபித் தட்டோடு வந்தது. முன்னால் இருந்ததோ தாழ்வான முக்காலி. அது குனிந்து வைக்கவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல அப்படியே நேராக இறங்கித் தட்டை வைத்துவிட்டு நேராக எழுந்தது.

"பாத்தீங்களா, என்ன அடக்கம்!" என்று அப்பா அம்மாவின் காதில் சொன்னார்.

மாமா காபியை வாயருகே வைத்தபடி குடிக்க மறந்துபோனார்.

அடுத்துத்தான் ஆபத்து வந்தது. மூலையில் நாற்காலியில் பொண்ணோட அப்புச்சி உட்கார்ந்திருந்தார். பொண்ணோட அம்மாவைப் பெற்ற தாத்தா, வீட்டுக்கே மூத்தவர். யாரோ சொன்னார்கள். "மாப்ள, அப்புச்சிகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்குங்க."

அம்மாவின் முகம் வெளுத்தது. பல் தேய்க்கவே குனிய முடியாத ஆள் எப்படிக் காலில் விழுவார்? "இல்லீங்க, அவன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டு..." என்று என்னவோ ஆரம்பித்தாள். யார் காலிலும் விழுவதில்லை என்று எந்தச் சாமிக்கும் யாரும் வேண்டிக்கொண்டதில்லை என்பது உடனே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு இருமல் வந்தது. மாமா எழுந்தார்.

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். வலது முட்டியைத் தரையில் வைத்தார். பிறகு இடது முட்டி. பிறகு இரண்டு கை. அப்புறம்தான் மெதுவாகத் தலை போனது. எழும்போதும் அதே வரிசையில், கடைசியில் ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டபடி. அப்புச்சியின் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் காலத்துப் பசங்க கால்ல உழுவறதுனா முட்டிக்கு மேல தொட்டுட்டு ஓடறானுங்க. இப்படி நிதானமா உழுவற பையன நான் பாத்ததே இல்லீங்க சாமி. நல்லா இருக்கோணும்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்கோ சந்தேகம் போகவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிடம் பொண்ணு வந்து என் அப்பா, அம்மா காலில் விழுந்தது. வலது முட்டி. இடது முட்டி. இரண்டு கை. எழும்போது தொடையில் ஒரு கை, மூச்சு.

அச்சு அசல் ஒரே டிரில்! ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே மாஸ்டரிடம் படித்தவர்கள்தான் இப்படி ஒரே மாதிரி செய்வார்கள். என் வழக்கு தலைகீழானது. கல்யாணம் பிடிக்காமல் நடித்தவர் இல்லை இவர். இந்தப் பொண்ணை ஏற்கெனவே தெரியும். எங்கேயோ சந்தித்துப் பேசி, ஒத்திகை பார்த்து, ஒன்றும் தெரியாத மாதிரி இங்கே வந்து நிற்கிறார்கள். பெரிய மனிதர்கள் எல்லோரும் ஏமாந்து உட்கார்ந்திருக்கிறார்கள், காபியும் குடித்துக்கொண்டு.

"பொண்ணும் மாப்ளையும் ரெண்டு வார்த்தை பேசிக்கட்டுமே" என்று கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். துணைக்கு என்னை. உண்மையைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா?

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நிழலில் இரண்டு பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதற்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

"உக்காருங்க" என்றது பொண்ணு.

"இல்லீங்க, நீங்க உக்காருங்க."

"பரவால்லீங்க, நீங்க உக்காருங்க."

சேர் இரண்டும் காலியாகவே கிடந்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கால் வலித்தது. ஒன்றில் நான் உட்கார்ந்துகொண்டேன். கொட்டகையில் எருமை ஒன்று என்னை ஏளனமாகப் பார்த்தது.

"நீங்க எந்த மெசினுங்க?" என்று பொண்ணு கேட்டது.

"ஃபிளாட்லாக்குங்க. நீங்க?"

"ஓவர்லாக்குங்க."

பொண்ணு வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டது.

"இடமா, வலமா?"

மாமா திடுக்கிட்டார். காது சிவந்துபோனது. பிறகு, "இடமுங்க. கால் வரைக்கும் இழுக்குது" என்றார்.

"எனக்கு வலமுங்க."

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் வராமல், தோள் குலுங்க. சிரிப்பின் நடுவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஸ்ஸ்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். "நடக்கச் சொன்னாங்களா?" என்று பொண்ணு கேட்டது. "நடக்கறேனுங்க" என்றார் மாமா. "அப்பிடியே வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?" என்றது பொண்ணு. போனார்கள். ஓடிப்போகவில்லை, நடந்துதான் போனார்கள். ஆனாலும் எழுந்து உள்ளே ஓடினேன், நான்.

அம்மாவை அடுக்களைச் சந்துக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். "அம்மா, இவுங்களுக்கு முன்னாடியே பழக்கம். ரகசியப் பாசையெல்லாம் வெச்சிருக்கறாங்க. அந்தப் புள்ள இடமா வலமான்னு கேக்குது. மாமா இடம்ங்கறாரு. அது வலம்ங்குது. உக்காரவே மாட்டேங்கறாங்க. டிரில் கூட ஒண்ணு!"

கொட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை.

"கால்ல எப்பிடி உழுந்துச்சு? செஞ்சு காட்டு" என்றாள் அம்மா.

செய்து காட்டினேன். வலது முட்டி, இடது முட்டி, கை. எழும்போது மூச்சுவிடக்கூட மறக்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் துப்பறியும் திறமையின் எல்லை அதுதான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த பொண்ணோட அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணம் வரைக்கும் புள்ளைய பாரம் கீரம் தூக்க உடாதீங்க."

பொண்ணோட அம்மா கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. அம்மாவை உற்றுப் பார்த்தார்கள். பிறகு, மிக மெதுவாக, "உங்க தம்பியையும் பாத்துக்குங்க" என்றார்கள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய மோசடியை ஆதாரத்தோடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், இவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குகிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் தட்டிலிருந்த லட்டில் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் யாரோடும் பேசவில்லை. அப்பா தூங்கினார். மாமா நின்றுகொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். திருப்பூர் வந்தது. இறங்குவதற்காக அம்மா எழுந்தாள். கம்பெனியில் பகலெல்லாம் நின்று பீஸ் செக்கிங் பார்க்கிற அம்மா. ஒரு கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையைத் தொடையில் ஊன்றி, முதுகைக் கம்பம் மாதிரி நேராக வைத்துக்கொண்டு, மூச்சை விட்டபடி எழுந்தாள்.

எனக்குச் சுரீரென்றது. ஓ, இவளும் கூட்டா! ராயபுரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அப்படிக் கண் கொட்டாமல் பார்த்தது இதற்குத்தானா? சதிக் கூட்டத்தில் மூன்றாவது ஆளாக அம்மாவையும் சேர்த்துவிட்டு, அவளை முறைத்துக்கொண்டே பஸ்ஸைவிட்டு இறங்கினேன். இடமா வலமா என்று அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.